நாய் குறுக்கே போன ஒன்பது வினாடி

விமானம் சுழன்று விழும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் எஞ்சினின் வேகத்தைக் குறைக்க வேண்டும். சுழலும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கால்மிதியை முழுக்க மிதிக்க வேண்டும். பிறகு பிடியை முன்னால் தள்ள வேண்டும். பாராசூட்டில் குதித்தால் முழங்காலை எப்படி மடக்கி விழுவது என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்தவன் சிங்கப்பூரிலிருந்து திருச்சி வரும் நாலு மணி நேரமும் இருக்கையின் கைப்பிடிகளை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். பணிப்பெண் குனிந்து, ஐயாவுக்கு இதுதான் முதல் பயணமா என்று ஆங்கிலத்தில் கனிவாகக் கேட்டாள். எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்குப் பறந்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

யுத்த காலத்து விமானப்படைப் பயிற்சிப் படங்களைச் சேர்ப்பது என் வேலை. வேலை என்றால் சம்பளம் இல்லாத வேலை. என் மனைவி இதைப் பிறரிடம் பொழுதுபோக்கு என்றும் என்னிடம் வியாதி என்றும் சொல்வாள். கறுப்பு வெள்ளைப் படம், மூக்கடைத்த குரலில் ஒரு வெள்ளைக்காரர், திரையில் ஊர்ந்துபோகும் அம்புக்குறிகள். எண்ணெய் எங்கே ஊற்றுவது, சக்கரத்துக்குக் கட்டை எப்படிக் கொடுப்பது, மேகத்துக்குள் புகுந்தால் எந்த முள்ளை நம்புவது. அதில் வருகிற எல்லோருக்கும் இருபது வயது. யாரும் சாவதில்லை. சாவதெல்லாம் யுத்தச் செய்திப் படங்களில்தான். அங்கேயும் எதிரிகள் மட்டுமே சாவார்கள்.

ஒரு பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியபோது, எஞ்சினைக் கையால் கிளப்புவது எப்படி என்று சொல்லித்தரும் ஒரு படத்தைக் கிண்டல் செய்திருந்தேன். வடக்கே ஏதோ ஒரு பயிற்சி முகாமில் எடுத்தது. ஓர் இந்தியப் பையன் விமானத்தின் முன்விசிறியைக் கையால் இழுத்துச் சுற்றிவிடுவான். அந்த உயிர்போகும் கட்டத்தில் ஒரு நாய் சாவகாசமாகக் குறுக்கே நடந்துபோகும். ஒன்பதே வினாடி. சாம்ராஜ்யத்தின் விமானப்படைக்கு ஒரு நாயை விரட்ட ஆளில்லை என்று முடித்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஸ்ரீரங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மின்னஞ்சல் இல்லை, தபால்தலை ஒட்டிய கடிதம். முதல் வரியே இப்படி: ‘தாங்கள் கேலி செய்த நாயை என் தகப்பனார் அறிவார்.’

எழுதியவர் சம்பத் என்பவர். வயது எண்பத்தொன்று. ரயில்வே தபாலில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா சீனிவாசன் இருபத்தொரு வயதில், வீட்டில் சொல்லாமல் குடுமியை எடுத்துவிட்டு விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்திருக்கிறார். அப்போது சம்பத் வயிற்றில். மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றாவதில், விசிறி சுற்றுவதை சினிமா எடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் நாய் குறுக்கே வந்தது, கடைசியில் நாயோடேயே எடுத்துவிட்டார்கள் என்று இருக்கிறது. பிறகு பர்மாப் பக்கம் அனுப்பினார்கள். பிறகு ‘காணவில்லை’ என்று ஒரு தந்தி. கிராப்போடு எடுத்து அனுப்பிய ஒரே போட்டோவைத் தாத்தா கோபத்தில் அடுப்பில் போட்டுவிட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே எனக்கும் போகிற வயசாகிவிட்டது, அந்தப் படத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்.

உங்கள் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன், நேரில் கொண்டுவருகிறேன் என்று பதில் போட்டேன். என் எழுத்தில் ‘அநேகமாக’ என்ற சொல் எப்போதும் கொஞ்சம் குறைவு.

திருச்சியில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஈரத்துணியை முகத்தில் போட்டது போன்ற புழுக்கம். சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். ஜன்னலிலிருந்து மலைக்கோட்டை தெரியும் என்றார்கள். தெரிந்தது பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி. கீழே ஹோட்டலில் பொங்கல் சாப்பிட்டேன். சிங்கப்பூரில் நாங்கள் பொங்கல் என்று சாப்பிடுவதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த நாலு நாளில் சந்தேகமில்லாமல் நன்றாக இருந்தது அந்தப் பொங்கல் ஒன்றுதான்.

மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ். புரட்டாசி மாதம், ஆகையால் பஸ் முழுக்க நாமம். எனக்குக் கிடைத்த இடம் கண்டக்டரின் கைக்கும் கம்பிக்கும் நடுவில். எங்கள் ஊர் ரயிலில் ஒருவர் மேல் ஒருவர் படாமல் நிற்போம், யாரும் யாரோடும் பேசவும் மாட்டோம். இங்கே மண்ணச்சநல்லூர் அம்மாள் ஒருத்தி, துபாயில் இருக்கும் மருமகன் தினமும் போன் பண்ணுகிறான், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று என் தோளுக்கு மேலாகப் பக்கத்திலிருந்தவளிடம் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது எனக்கே அந்த மருமகன் மேல் கோபம் வந்திருந்தது.

சம்பத் மாமாவின் வீடு உத்திர வீதியில் இருந்தது. ஒல்லியான, நெட்டையான மனிதர். மூக்கு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்கோ, காலை அலம்பிண்டு வாங்கோ” என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கோமளா மாமி சாப்பிட்டுவிட்டுத்தான் சினிமா என்று சொல்லிவிட்டார். வெறும் வயிற்றில் அப்பாவைப் பார்த்தால் மாமாவுக்கு மயக்கம் வரும் என்பது அவர் கட்சி. சாத்தமுது என்கிற ரசம், புடலங்காய்க் கூட்டு, மோர். பரிமாறிக்கொண்டே மாமி கதையைச் சொன்னார். மாமா அங்கங்கே திருத்தினார்.

ஊரில் அமாவாசை வந்தால் தகப்பனை இழந்தவர்கள் எல்லாம் காவேரிக்கு, அம்மா மண்டபத்துக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்வார்கள். தகப்பன் உயிரோடு இருப்பவன் செய்யக் கூடாது. மாமா செய்ததில்லை. எண்பத்தொரு வயதில், இந்த ஊரில், அமாவாசையன்று வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரே கிழவர் அவர்தான். வேலையில் இருந்தபோது நண்பர்கள், உங்க அப்பாவோட எண்பது வயசுச் சதாபிஷேகத்துக்குச் சாப்பாடு போடாமல் ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்பார்களாம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாராம்.

காரணம் அவருடைய அம்மா. அந்த அம்மாள் கடைசி வரை பூவும் மஞ்சளுமாக இருந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் சுமங்கலியாகவே போனார். அன்றைக்கு வீதியில் பாதிப் பேர் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுத் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து கர்மத்தை முடித்துவிடலாம் என்று புரோகிதம் செய்யும் வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

“அவரைப் பார்த்தவா ஒருத்தராவது இந்த வாசல்ல வந்து நின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் எள்ளும் ஜலமும் விடாதேன்னுட்டா” என்றார் மாமா. “கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். யாரும் வரல்லை. நாளன்னிக்கு மகாளய அமாவாசை. இப்ப நீங்க வந்திருக்கேள். நீங்கதான் பார்த்தவர்.”

மோர்சாதம் பிசைந்த கையை இலையிலேயே வைத்துவிட்டேன். பென் டிரைவில் ஒன்பது வினாடி கொண்டுவந்தவனைக் குருக்ஷேத்திரத்திலிருந்து நேராக வந்தவன் போல இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிவியில் போட்டேன். அதுவரை அந்த டிவியில் கோயில் புறப்பாடு தவிர வேறெதுவும் ஓடியதில்லை என்று மாமி சொன்னார். மாமா நாற்காலியைத் திரைக்கு ஒரு முழத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரைக்கால் சட்டை மட்டும் போட்ட பையன், வெற்று மார்பில் பூணூல். விசிறியின் ஓர் அலகைப் பிடிக்கிறான், ஒரு காலை வீசி இழுக்கிறான், பின்னால் நகர்கிறான். விசிறி சுற்றுகிறது. நாய் போகிறது. அவன் நாயைப் பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான். முடிந்தது. முகம் தெரிவது இரண்டு வினாடி இருக்கும்.

மாமா இன்னொரு தரம் என்று விரலால் காட்டினார். பத்துத் தரத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

“என் மூஞ்சி” என்றார் கடைசியில்.

மாமி சமையலறை வாசலிலிருந்து, மூக்கைப் பாருங்கோ, அந்தக் கோணல் கூட அப்படியே என்றார். மாமா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. என் வியாதியால் ஒருவருக்காவது பலன். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம் கட்டத் தொடங்கிவிட்டேன்.

இன்னொரு தரம் ஓடியது. மாமா திடீரென்று கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“பூணல் ஏன் வலது தோள்ல இருக்கு?”

எனக்கு அவர் கேட்டதே புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பூணூல் எப்போதும் இடது தோளில் கிடக்கும். பித்ருக்களுக்குக் காரியம் செய்யும்போது மட்டும் வலது தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவின் திவசத்தில் அவரே வருஷா வருஷம் மாற்றியிருக்கிறார். அந்தப் படம் எடுத்தபோது தாத்தாவும் இருந்தார், பாட்டியும் இருந்தார். தாய் தகப்பன் இருவரும் இருக்கிற பையன் எதற்காக மாற்றிப் போட வேண்டும்?

வேலை செய்யும்போது நழுவியிருக்கும் என்றேன்.

“நழுவினா மாலையாட்டம் கழுத்துல விழும். தோள் மாறாது” என்றார். குரல் இறங்கிவிட்டது. “இவர் தகப்பன் இல்லாத பையன். தர்ப்பணம் பண்ணிட்டு மாத்திக்க மறந்திருக்கார். எங்க அப்பா இல்லை.”

மாமி உள்ளே போய் அந்த மூன்றாவது கடிதத்தை எடுத்துவந்தார். மடிப்புகளில் கிழிந்து, துணி ஒட்டிய கடிதம். நான் அதுவரை மாமா எழுதி அனுப்பிய பகுதியைத்தான் படித்திருந்தேன். நாய்க்கு அடுத்த வரி: ‘மூவரை எடுத்தார்கள். நானும், மன்னார்குடிப் பையன் ஒருவனும், நெல்லூர்ப் பையன் ஒருவனும், மூவரும் நம்மவர்களே. யாரை வைத்துக்கொள்வார்களோ தெரியாது.’

மாமா இந்த வரியை மறைக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் எழுதியதும், அந்த மூன்றில் யார் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிவிட்டார். படித்த மனுஷன் சும்மா எழுதுவாரா?

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. யாரும் எதுவும் பேசவில்லை. சிங்கப்பூர் மாதிரியே இருந்தது.

பிற்பகல் முழுக்க அறையில் படுத்துக்கிடந்தேன். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். அந்த ரக விமானத்தில் முன்விசிறி எந்தப் பக்கம் சுற்றும் என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். படத்தைப் போட்டுப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் சுற்றியது.

பழைய படச்சுருளை நகல் எடுப்பவர் அதைத் தப்பான பக்கம் திருப்பி மாட்டிவிட்டால் எல்லாம் இடம் வலமாகிவிடும், கண்ணாடியில் பார்ப்பது போல. எழுத்து ஏதாவது இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒன்பது வினாடியில் ஓர் எழுத்து கிடையாது. எனக்கு இந்தச் சுருளின் நகலை விற்றவர் செய்த தப்பு. அதை நூறு தடவைக்கு மேல் பார்த்து, அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதி, விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு பெரியவர் அரைமணியில் கண்டதைக் காணாமல் விட்டது நான்.

ஆனால் இப்போது பூணூல் சரியாகிவிடும்! கணினியில் ஒரு பொத்தான்தான். திருப்பினேன். பூணூல் இடது தோளுக்கு வந்துவிட்டது. மாமாவின் ஆட்சேபணை தீர்ந்தது. அவர் கண்டுகொண்ட முகம் அப்படியே இருக்கிறது. மூன்றில் யார் என்ற கேள்விக்கு அந்த மூக்கே பதில்.

மறுநாள் காலையில் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பாலக்கரை காதர் பாய். பேசாமல் வரக்கூடிய சவாரி அவருக்குப் பிடிக்காது. விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்களில் உடம்பு கிடைக்காதவருக்கும் தொழுகை உண்டு சார், ஆள் இல்லாமலேயே நின்று தொழுவோம், அதுவே போதும் என்றார். பாலத்தின் நடுவில் சமயபுரம் போகிற வேன் ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. முன்னாலும் பின்னாலும் நகர முடியவில்லை. கால்மணி நேரம் காதர் பாய் தன் கொழுந்தியாள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு நான் இறங்கி, கணினிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காவேரியை நடந்து கடந்தேன். ஆறு நிறையத் தண்ணீர் போயிற்று, மண் நிறத்தில், சத்தமில்லாமல்.

மாமா சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரையோடு வந்து உட்கார்ந்தார். நான் ஆசிரியர் தோரணையில் சுருளையும் பக்கத்தையும் விளக்கிவிட்டுப் படத்தைப் போட்டேன்.

பூணூலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பையன் திரும்பிச் சிரித்தான். மாமாவின் முகம் அப்படியே நின்றது. இன்னொரு தரம் என்று விரல் காட்டினார். இன்னொரு தரம்.

“இது யாரு?” என்றார்.

நேற்றுப் பார்த்தவரேதான் என்றேன்.

“இல்லை. இவர் வேற யாரோ. அவர் என்னை மாதிரி இருந்தார்.”

நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எனக்கே இரண்டு பேர் போலத் தெரிந்தது. மனித முகத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றில்லை. இடம் வலம் மாற்றினால் ஆளே மாறிவிடுவான். நேற்றைய பையனின் மூக்கு மாமா தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிற மூக்கு. இன்றைய பையனின் மூக்கு மறுபக்கம் சாய்ந்திருந்தது. யாருக்கும் தன் முகம் கண்ணாடியில் தெரிவதுபோல்தான் தெரியும், நேரில் தெரியாது, இதுதான் மாமா உங்கள் நிஜ முகத்தோடு ஒப்பிட வேண்டியது என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பயனில்லாத அறிவு என்று தெரிந்தது. வீட்டில் அவருடைய இளவயது போட்டோ ஒன்றும் இல்லை. அந்த வயது நிஜ முகத்தை அவர் எங்கே போய்ப் பார்ப்பார்?

பார்த்தவர் ஒருவர் வீட்டில் இருந்தார். மாமியைக் கூப்பிட்டோம். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்றும் ஜாடை இருந்த மாதிரி இருந்தது, இன்றைக்கும் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மாமா அவரை விடவில்லை. சரியாகச் சொல்லு என்றார்.

“அம்பத்தஞ்சு வருஷமா உங்களைப் பார்த்துண்டிருக்கேன். இப்போ இருக்கற மூஞ்சிதான் தெரியறது. அந்த வயசுல எப்படி இருந்தேள்னு கேட்டா நான் எங்கே போவேன்? கல்யாணத்துல நான் தலையையே தூக்கலை” என்றார் மாமி.

மாமாவின் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கோ. நீங்க பார்த்தது எங்க அப்பாவைத்தானா?”

பொய் சொல்ல அவ்வளவு வசதியான இடம் எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை. ‘ஆமாம்’ என்றால் ஒரு கிழவருக்கு அப்பா கிடைப்பார், சத்தியம் நிறைவேறும், நான் நல்லபடியாக ஊர் போய்ச் சேரலாம். மறுக்க மன்னார்குடியிலிருந்தோ நெல்லூரிலிருந்தோ யாரும் வரப்போவதில்லை. ஆனால் என் அவசரத்தால் ஒரு தடவை இவரை ஏமாற்றியாகிவிட்டது. இரண்டாம் தடவைக்கு நா எழவில்லை.

“தெரியலை மாமா. மூணு பேர்ல ஒருத்தர். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

தெருவில் காய்கறி வண்டிக்காரன் வாழைக்காய் வாழைக்காய் என்று கூவிக்கொண்டு போனான். நான் பென் டிரைவை உருவுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“இன்னும் ஒரு தரம் போடுங்கோ” என்றார். போட்டேன். இந்தத் தடவை அவர் முகத்தைத் தேடுகிற மாதிரி பார்க்கவில்லை. பொதுவாகப் பார்த்தார், வீதியில் போகிற ஒரு பையனைப் பார்ப்பது போல.

“குழந்தை” என்றார். “என் பேரனுக்கு இவனைவிட அஞ்சு வயசு கூட. நான் என்ன நினைச்சுண்டிருந்தேன் தெரியுமோ? அவரும் என்னோடயே வயசாயிண்டு வரார்னு. எனக்குத் தலை நரைச்சா அவருக்கும் நரைக்கறது. இப்ப அவருக்கு நூத்திமூணு. எங்கேயோ ஒரு மூலையில நூத்திமூணு வயசுல உக்காந்திருக்கார்னு நான் அவருக்காகக் கவலைப்பட்டுண்டிருக்கேன். இந்தப் பையன் எப்படிங்காணும் நூத்திமூணு வயசு வரைக்கும் இருப்பான்?”

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

“அம்மா என்ன சொன்னா? ஒருத்தர் வாசல்ல வந்து நின்னு சொல்லட்டும்னா. அந்தத் தந்தியில காணலைன்னு போட்டான், அவ்வளவுதான். சர்க்கார்லேர்ந்து ஒரு ஆள் வரல்லை. கூட வேலை பார்த்தவா வரல்லை. தெரியாதுன்னு சொல்லக்கூட எண்பது வருஷமா இந்தாத்துக்கு யாரும் வரல்லை. நீங்க வந்தேள். தெரியாதுன்னு சொன்னேள்.” கொஞ்சம் நிறுத்தினார். “போறும். அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

மாமி வாசலுக்குப் போய் வாழைக்காய் வண்டியை நிறுத்தினார். தர்ப்பண நாள் சமையலுக்கு வாழைக்காய் வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளே வந்தவர் என்னிடம், நாளைக்கு இவர் முடித்துவிட்டு வருகிறவரை காபி கிடையாது, நீங்கள் வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

சாயங்காலம் குடும்ப வாத்தியார் வந்தார். முறைப்படி தர்ப்பை உருவம் செய்து, பதின்மூன்று நாள் காரியம் முடித்த பிறகுதான் தர்ப்பணம் என்றார். மாமாவின் தளர்ந்த காலையும் மூச்சிரைப்பையும் பார்த்துவிட்டு, நாள் தாண்டினால் தர்ப்பணமும் நடக்காது என்று நினைத்தாரோ என்னவோ, நாளைக்கு மகாளயம், சங்கல்பத்தில் சேர்த்துச் சொல்லி ஜலம் விட்டுவிடலாம், மற்றதைப் பிற்பாடு பார்த்துக்கொள்வோம் என்று இறங்கிவந்தார். சாஸ்திரம் தெரிந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்கவும் தெரிகிறது. என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவர்களால்தான் தொந்தரவு.

அமாவாசைக் காலையில் அம்மா மண்டபத்தில் தலைகள்தான் தெரிந்தன. எங்கள் ஊரில் இவ்வளவு கூட்டத்துக்கு வரிசை எண் கொடுத்து, கயிறு கட்டி, தும்மினால் அபராதம் போட்டிருப்பார்கள். இங்கே படிக்கட்டில் இருபது இருபது பேராக உட்காரவைத்து ஒரு வாத்தியார் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். ஈரவேட்டியும் எள்ளும் தர்ப்பைத் துண்டுகளும் கால்வைக்க இடமில்லாமல் கிடந்தன. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

மாமாவை நானும் காதர் பாயும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவர் ஆட்டோவிலிருந்து இறக்கிப் படித்துறைக்குக் கூட்டிப்போனோம். காதர் பாய் மேல்படியோடு நின்றுவிட்டார். மாமா உட்கார்ந்தார். சுற்றியிருந்த எல்லோருக்கும் பழகின காரியம். ஒருவர் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டே மந்திரம் சொன்னார். மாமா மட்டும் கொஞ்சம் பிந்திப் பிந்திச் சொல்லிக்கொண்டிருந்தார், புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர் மாதிரி.

வாத்தியார் அப்பா பெயர் என்று கேட்டார். மாமா சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். வாத்தியார் மறுபடி கேட்டார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் லேசாக இடித்தார்.

“சீனிவாசன்” என்றார் மாமா. தண்ணீர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவாக வழிந்தது.

அப்பா, தாத்தா, முப்பாட்டன், அவர்கள் பெண்டுகள் என்று வரிசையாகப் போயிற்று. கடைசியில் எல்லோரும் தர்ப்பையைப் பிரித்து, இன்னும் ஒரு கை தண்ணீர் எடுத்து விட்டார்கள். மாமா அந்த ஒரு கையை மற்றவர்களைவிட நிதானமாக விட்டார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. நான் தாங்கிப் பிடித்தேன்.

படியேறும்போது, பேசினால் அவருக்கு நல்லது என்று நினைத்து, கடைசியாக விட்டது யாருக்கு என்று கேட்டேன்.

“அதுவா? தாயாரும் இல்லாம, தகப்பனாரும் இல்லாம, தர்ப்பணம் பண்ண யாருமே இல்லாமப் போனவா இருக்காளே, அவாளுக்கு. அதை அந்தப் பையனுக்குன்னு நினைச்சுண்டு விட்டேன். மன்னார்குடியோ நெல்லூரோ, அவனுக்கு யாரு விட்டிருப்பா?”

இரண்டு படி ஏறினார். நின்று மூச்சு வாங்கினார்.

“எங்க அப்பாவாவே இருந்தார்னா, இருந்துட்டுப் போறார். அவருக்கு ரெண்டு தரம் கிடைச்சதா இருக்கட்டும்.”